ஒதில் திருப்பி வைத்த அம்புக்குறி

முசியே டெல்ப்ளான்க் காளான் ஆம்லெட்டைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கியபோதே ஒதிலுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. அக்டோபர் மாதத்தில், பிரான்சின் பெரிகோர் மண்ணில், அன்று காலை பறித்த செப் காளானைப் பூண்டு போட்டு வாத்துக் கொழுப்பில் வதக்கிக் கொடுத்தால், வேண்டாம் என்று சொல்கிற மனிதன் இருக்க முடியாது. இருந்தால் அவன் எதையோ மறைக்கிறான் என்று அர்த்தம்.

"பிடிக்கலையா முசியே?"

"வயித்துக்கு ஒத்துக்காது மதாம். சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்."

"ஓகோ. அப்புறம் தினமும் காட்டுக்குள்ள எதுக்குப் போறீங்க?"

"சும்மா சுத்திப் பாக்கத்தான்."

சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் எப்படி இருப்பார்கள் என்று ஒதிலுக்குத் தெரியாதா? பதினோரு வருடமாக மாடியில் இரண்டு அறைகளைப் பயணிகளுக்கு விடுகிறாள். ஆற்றில் துடுப்புப் போடுவார்கள், கோட்டைக்கு ஏறி மூச்சு வாங்குவார்கள், குகை ஓவியத்தைப் பார்த்துவிட்டு வந்து சைக்கிள் டயரில் காற்று இல்லை என்று புலம்புவார்கள். இந்த மனிதர் எதுவும் செய்யவில்லை. லீல் நகரத்தில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவராம். காலை எட்டு மணிக்குப் பையோடு கிளம்பினால் மாலையில்தான் திரும்புவார், அதுவும் முழங்கால் முழுக்க மண்ணோடு. நடக்கிறவனுக்குப் பூட்ஸில் மண் ஒட்டும். முழங்காலில் ஒட்டுகிறது என்றால் அவன் தரையில் எதையோ தேடுகிறான்.

சனிக்கிழமை காலை அறையைப் பெருக்கப் போனவள், மேஜைமேல் விரிந்து கிடந்த வரைபடத்தைப் பார்த்தாள். ஊரைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலில் பதினாலு பெருக்கல் குறிகள். ஒன்று அவளுடைய கஷ்கொட்டைக் காட்டை உரசிக்கொண்டு நின்றது.

அந்தக் காட்டுச் சரிவில், மூன்று மரங்களுக்கு நடுவே, அவளுடைய ரகசியக் காளான் இடம் இருந்தது. அவள் அம்மா அதை அவளுக்குக் காட்டியதே அவளுக்கு நாற்பது வயதான பிறகுதான். போர்தோவில் இருக்கும் தங்கைக்கு இன்றுவரை தெரியாது. பன்னிரண்டு வருடம் கூட வாழ்ந்த புருஷனுக்கும் அவள் சொல்லவில்லை. அவன் விவாகரத்து வாங்கிக்கொண்டு போன அன்று, வாழ்க்கையில் ஒரு விஷயத்திலாவது புத்தியோடு நடந்துகொண்டோம் என்று நிம்மதிப் பெருமூச்சு விட்டாள். காளான் பறிக்கப் போகிற நாளில் காரைத் தேவாலயத்துப் பக்கம் நிறுத்திவிட்டு, எதிர்த்திசையில் கால்நடையாகப் போவாள். திரும்பும்போது கூடைக்கு மேலே துவைத்த துணி இருக்கும். இந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான். இடத்தைக் கேட்கிறவனுக்கு வழி சொல்வார்கள், தப்பாக.

அன்று மாலையே ஒதில் மேல் பாதைக்குப் போனாள். நடைப்பயணிகளுக்காக நட்ட பலகை அங்கே, பாதை பிரிகிற இடத்தில் நிற்கிறது. அதன் அம்பு மேலே அவள் காட்டோரத்தைக் காட்டும். ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் அது எப்படியோ இடது பக்கம், ஓநாய்ப் பள்ளத்தின் பக்கம் திரும்பிவிடும். குளிர் காலத்தில் தானாகவே நேராகிவிடும். ஊராட்சிக்காரர்கள் விடலைப் பசங்களைத் திட்டுவார்கள். ஒதிலும் சேர்ந்து திட்டுவாள். இந்த வருடம் அந்த வேலை கொஞ்சம் தள்ளிப்போயிருந்தது, அவ்வளவுதான். ஆணியைத் தட்டிவிட்டு வந்து நிம்மதியாகத் தூங்கினாள்.

ஞாயிறு காலை முசியே டெல்ப்ளான்க் பழுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஒன்பதரைக்கு ஒதில் கொடியில் படுக்கை விரிப்பைக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது ஊதுகொம்புச் சத்தம் கேட்டது. காட்டுப்பன்றி வேட்டை. ஆனால் வழக்கம்போல ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வரவில்லை. ஓநாய்ப் பள்ளத்திலிருந்து வந்தது.

வேட்டை இடம் மாறினால் ஊராட்சிப் பலகையில் அறிவிப்பு ஒட்டுவார்கள். மூன்று நாளாக ஒதில் அந்தப் பக்கமே போகவில்லை. விருந்தாளியை வேவு பார்ப்பதற்கே அவளுக்கு நேரம் சரியாக இருந்தது. இப்போது அந்த மனிதர் அம்பு காட்டிய அந்தப் பள்ளத்தில், பன்றி நிறத்துக் கோட்டோடு, முள் புதருக்குள், முழங்காலில் இருப்பார். விரிப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

சாலை வளைவில் ஆரஞ்சு மேல்சட்டையும் துப்பாக்கியுமாக அன்செல்ம் நின்றிருந்தான். வேட்டைக்குழுத் தலைவன், அடுத்த வீட்டுக்காரன். இருபது வருடமாக வேலிக்கு மேலாகக் காலை வணக்கம் மட்டும் பரிமாறிக்கொள்ளும் உறவு.

"அன்செல்ம், வேட்டைய நிறுத்து."

"காலங்காத்தால என்னாச்சு உனக்கு?"

"பள்ளத்துல ஆள் இருக்கு. என் வீட்டு விருந்தாளி."

"அவர் எதுக்கு அங்க போறாரு? பாதை மேலல்லவா போகுது."

ஒதில் சாலையைப் பார்த்தாள். "பலகைய நான்தான் திருப்பி வச்சேன்."

"இந்த வருஷமா?"

"எல்லா வருஷமும்."

அன்செல்ம் கையிலிருந்த வயர்லெஸ்ஸை அமுக்கினான். கரகரவென்றது. பள்ளத்துக்குள் அது எடுக்காது. நிறுத்தச் சொல்லி ஊதலாம் என்றால், ஊதுகொம்பு நாய்களோடு கீழே போனவனிடம் இருந்தது. சாலை வழியாகச் சுற்றிப் போனால் அரை மணி நேரம். பத்தே நிமிடத்தில் இறங்க ஒரு வழி உண்டு. அது அந்த மூன்று மரங்களுக்கு நடுவே போகிறது.

ஒதில் ஒரு கணம் நின்றாள். ஒரு மனித உயிருக்கு எதிரே காளானை வைத்து நிறுத்துப் பார்த்த அந்த ஒரு கணத்துக்காக அவள் பிற்பாடு பல நாள் வெட்கப்பட்டாள்.

"என் பின்னால வா," என்றாள்.

காட்டுக்குள் நுழைந்தபோது அவள்தான் முன்னால் போனாள். முட்டி வலியில் கொஞ்சம் பின்தங்கினாள். அன்செல்ம் அவளைத் தாண்டினான். சேறு இருக்கிறது, வலது பக்கம் போ என்று சொல்ல வாயெடுத்தாள். அவன் ஏற்கெனவே வலது பக்கம் போய்க்கொண்டிருந்தான். தாழ்ந்த கிளைக்கு, அது கண்ணில் படும் முன்பே குனிந்தான். பழைய முள்கம்பி இலைக்கடியில் கிடக்கிற இடத்தில் காலைத் தூக்கி வைத்தான். மூன்று மரங்களுக்கு நடுவே, பழுப்புத் தலைகளோடு செப் காளான்கள் கொழுத்து நின்றன. அவன் ஒன்றைக்கூட மிதிக்காமல், ஒன்றைக்கூடப் பார்க்காமல் கடந்து போனான்.

"உனக்கு இந்த இடம் தெரியும்," என்றாள் ஒதில்.

"இருபது வருஷமா. இப்ப நட."

அப்போது கீழே துப்பாக்கி வெடித்தது.

மீதிச் சரிவில் எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. அடியில், முள் புதருக்குள், கல்லை அடுக்கிக் கட்டிய பழைய மேய்ப்பர் குடிசை ஒன்று இருந்தது. அதைச் சுற்றி நாய்கள் குரைத்துக்கொண்டிருந்தன. வாசலில், துப்பாக்கியை மடக்கித் தோளில் போட்டபடி, தபால் கொண்டுவரும் பஸ்தியான் நின்றிருந்தான். உள்ளே மண்டிபோட்டு, முகம் சுண்ணாம்பாக வெளுத்து, கையில் அளவு நாடாவோடு முசியே டெல்ப்ளான்க்.

"அந்த வெடி?" என்றான் அன்செல்ம்.

"அது மேற்குப் பக்கம், நிஜப் பன்னி," என்றான் பஸ்தியான். "இங்கயும் பழுப்பா ஒண்ணு அசைஞ்சுது, நானும் குறி வச்சேன். அப்புறம் பாத்தா அது டேப்பால செவத்த அளக்குது. பன்னி அளக்காதேன்னு விட்டுட்டேன்."

அவன் சிரிக்கத்தான் சொன்னான். சொல்லிவிட்டுத் துப்பாக்கியிலிருந்த தோட்டாக்களை உருவிப் பைக்குள் போட்டான்.

விருந்தாளி நோட்டைக் காட்டினார். பக்கத்துக்குப் பக்கம் கல் குடிசைகளின் படம், உயரம், அகலம். வரைபடத்தின் பதினாலு பெருக்கல் குறிகளும் பதினாலு குடிசைகள். ஒதில் அவர் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள்.

"அந்தப் பலகைய நான்தான் திருப்பினேன் முசியே. உங்கள வழி தப்ப வைக்கப் பாத்தேன்."

"திருப்பியிருக்குன்னு தெரிஞ்சுது மதாம். ஆணியில புதுக் கீறல் இருந்துச்சு," என்றார் அவர். "ஆள் போகாத பக்கமாத்தான் திருப்பியிருப்பாங்க, அங்க யாரும் பாக்காத குடிசை இருக்கும்னு வந்தேன். இது பதினஞ்சாவது. எந்தப் படத்துலயும் இல்ல."

மதியம் அன்செல்ம் சுத்தியல் கொண்டுவந்து அம்பை நேராக்கினான். ஒதில் ஆணியைப் பிடித்துக்கொண்டாள். இனி அதைத் தொடுவதில்லை என்று அவனிடம் சொன்னாள். சொன்னபோது மனதாரத்தான் சொன்னாள்.

"இருபது வருஷத்துல எவ்வளவு எடுத்தே?" என்று கேட்டாள்.

"ஒண்ணுகூட இல்ல. அது உன்னோடது."

"ஒருநாள்கூட ஆசை வரலையா?"

"எனக்கு வேண்டியிருக்கல," என்றான் அன்செல்ம், சுத்தியலைப் பைக்குள் போட்டபடி.

எவ்வளவு நல்ல மனிதன், இத்தனை வருடம் அறியாமல் இருந்துவிட்டோமே என்று நெகிழ்ந்துபோய் வீடு வந்தாள். இரவுச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு சீவ உட்கார்ந்தவளின் கத்தி பாதிக் கிழங்கில் நின்றது. வேண்டியிருக்கவில்லையா? பெரிகோரில் பிறந்தவனுக்கு, அப்படிப்பட்ட இடம் கண்ணெதிரே இருந்தும், இருபது வருடம் வேண்டியிருக்கவில்லை என்றால், அவனுக்கென்று வேறோர் இடம் இருக்கிறதா?

திங்கள் காலை முசியே டெல்ப்ளான்க் காப்பி குடிக்க இறங்கி வந்தபோது, ஒதில் ஜன்னல் திரைச்சீலையை விரல் அகலத்துக்கு விலக்கி நின்றிருந்தாள். அடுத்த வீட்டு வேன் கிளம்பி, இடது பக்கம், தேவாலயத்தை நோக்கித் திரும்பியது. ஒதிலின் கண் அதன் பின்னால் போகவில்லை. எதிர்த்திசையில், வலது பக்கத்து மலையை ஓரம் ஓரமாகத் துழாவிக்கொண்டிருந்தது.

"என்ன பாக்குறீங்க மதாம்?"

"ஒண்ணுமில்ல முசியே. சும்மா சுத்திப் பாக்குறேன்."