சாப்பிட்டால் குறையும் சர்க்கரை

கையில் லேப் தாள், எதிரே வார்டுத் திரை. வரிவரியாக ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள் நம்பரக்கா. பதினோரு வருடமாக ரத்தப் பரிசோதனை முடிவுகளை மருத்துவமனைக் கணினியில் தட்டிக்கொண்டிருந்தவளுக்கு லேபில் வைத்த பெயர் அது. இன்று முதல் லேப் கணினியே முடிவுகளை நேராக வார்டுக்கு அனுப்பும். எல்லாம் ஒழுங்காக ஓடிவிட்டால், மாதக் கடைசியோடு அவளுக்கு இங்கே வேலை இல்லை.

"என்னக்கா, தப்பு ஒண்ணும் சிக்கலையா?" என்று வம்புக்கு இழுத்தான் டெக்னீஷியன்.

"சிக்கினா முதல்ல உன்னத்தான் மாட்டிவிடுவேன்."

எண்கள் ஒன்றுகூடப் பிசகவில்லை. ஆனால் ஏழாவது நோயாளியிடம் அவள் விரல் நின்றது. திரையில் வெறும் வயிற்றில் 212, சாப்பிட்ட பிறகு 92. அடுத்த இரண்டு பேருக்கும் அதே கூத்து.

"சாப்பிட்டா சக்கரை குறையுதாம்ல! அப்போ ஊசி எதுக்கு, இலைய போட்டுப் பரிமாற வேண்டியதுதானே!"

டெக்னீஷியன் விழுந்து விழுந்து சிரித்தான். இரண்டு கணினிகளுக்கும் இணைப்பு போட வந்த கம்பெனிக்காரர் சிரிக்கவில்லை. விசைப்பலகையை இழுத்துத் தேடியவர் தலையில் கைவைத்தார்.

"உங்க லேப்ல ஒண்ணாம் நம்பர் குறியீடுன்னா வெறும் வயிறு. வார்டு கம்ப்யூட்டர்ல ஒண்ணுன்னா சாப்பிட்ட பிறகு. ரெண்டும் மாறிப் போகுதுக்கா."

வார்டுக்குப் போன் போட்டாள். லைன் கிடைக்கவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு மூன்று மாடியும் ஏறி ஓடினாள்.

ஏழாவது நோயாளி ஒரு லாரி டிரைவர். சட்டையைத் தூக்கிப் பிடித்தபடி, கண்ணை இறுக மூடி உட்கார்ந்திருந்தார். நர்ஸ் கையில் இன்சுலின் ஊசி.

"சிஸ்டர், போடாதீங்க! அவருக்கு வெறும் வயித்துல தொண்ணூத்திரண்டுதான்!"

"டாக்டர் இப்பதானே டோஸ ஏத்தச் சொன்னார்..." நர்ஸ் ஊசியைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, அடுத்த இருவருக்கான ஊசிகளின் பக்கத்தில், தட்டில் வைத்தாள். "போட்டிருந்தா ஆளு மயங்கி விழுந்திருப்பாரு."

டிரைவர் ஒற்றைக் கண்ணைத் திறந்தார். "தாயி, நீ தினமும் இந்த நேரத்துக்கு வந்துடு."

வார்டே சிரித்தது. மூச்சிரைக்க அவளும் சிரித்தாள்.

மாலைக்குள் பிழை சரியானது. தேநீர் நேரத்தில் டெக்னீஷியன் குரலைத் தாழ்த்தினான். "கண்டுக்காம விட்டிருந்தா, இந்த இணைப்பு உருப்படாதுன்னு தூக்கிப் போட்டிருப்பாங்க. உன் வேலையும் தப்பிச்சிருக்கும்."

"அந்த மனுசன் தப்பிச்சிருப்பாரா?" என்றாள்.

இணைப்பு வெற்றி என்று மருத்துவமனை மேலாளர் கேக் வெட்டினார். முதல் துண்டு கம்பெனிக்காரருக்கு. அவர் "அக்காதான்..." என்று தொடங்குவதற்குள் மேலாளர் தோளில் கைபோட்டு வரிசைக்கு இழுத்துக்கொண்டார். படம் எடுக்க ஆள் தேவைப்பட்டது. போன் நம்பரக்காவின் கைக்கு வந்தது.

அவள் ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"நடுவுல ஒரு ஆள் நிக்கிற அளவுக்கு இடம் காலியா கிடக்கு. நெருங்கி நில்லுங்க. ம்... சிரிங்க!"

நெருங்கி நின்றார்கள்.