கூரை மூன்று

அன்னத்துக்குக் கழுத்து இல்லை.

சங்கரி குறுக்கு நூல் ஓட்டும் நாடாவைக் கையில் பிடித்தபடியே தறிக்கு அடியில் சாய்த்து வைத்திருந்த கண்ணாடியை எட்டிப் பார்த்தாள். நெய்யும்போது புடவையின் நல்ல பக்கம் கீழேதான் இருக்கும். பூ சரியாக விழுகிறதா என்று கண்ணாடிதான் சொல்ல வேண்டும். அரக்குப் பட்டில் ஜரிகை அன்னங்கள் ஜோடி ஜோடியாக எதிரெதிரே நின்றன. காலையில் நெய்த வரிசை ஒழுங்காகவே இருந்தது. இப்போது நெய்த வரிசையில் ஒவ்வொரு ஜோடியிலும் பெண் அன்னத்துக்கு மட்டும் உடம்புக்கும் தலைக்கும் நடுவே ஒன்றுமில்லை. வெறும் அரக்கு.

இழை அறுந்திருந்தால் ஏதாவது ஓரிடத்தில்தான் தெரியும். கொக்கி கெட்டிருந்தால் அடியிலிருந்து நுனிவரை கோடாக விழும். எல்லா ஜோடியிலும் அந்த ஒரே இடத்தில் பூ போகிறதென்றால் கோளாறு தறியில் இல்லை. மேலே உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டியில், அதற்குள் செருகிய விரல் நகம் அளவு மெமரி கார்டில் இருக்கிறது. குறுக்கே ஓடும் எந்த ஊடைக்கு நெடுக்கே எந்தெந்த இழை மேலே போக வேண்டும் என்று பெட்டிக்குச் சொல்வது அந்தக் கார்டுதான்.

அடுத்த வரிசையில் இறக்கையும் போயிற்று.

வேறு புடவையாக இருந்திருந்தால் அவள் அவ்வளவு பதறியிருக்க மாட்டாள். தங்கை அகிலாவுக்கு ஆவணியில் கல்யாணம். இது அவள் கட்டப்போகும் கூரைப்புடவை. கூரை எடுத்துக் கொடுக்க வேண்டியது மாப்பிள்ளை வீடு. மாப்பிள்ளை விக்னேஷின் அம்மா கமலவேணி, "கடையில எதுக்குமா? அக்கா கையாலயே நெய்யட்டும்" என்று சொல்லி, நெடுக்கு இழைக்கான பாவு, ஜரிகை, டிசைன் கார்டு எல்லாவற்றையும் பிள்ளையார்பாளையத்தில் இருக்கும் சங்கரி வீட்டுக்கே கொண்டுவந்து வைத்தாள். ஆரணியில் தறி போட்டிருந்த குடும்பம் அது. காஞ்சிபுரத்துக்கு வந்து ஒன்றரை வருஷம்தான் ஆகிறது. நல்ல வசதி, ஒரே பிள்ளை, அதிர்ந்து பேசாத மனுஷர்கள். கார்டைக் கொடுக்கும்போது அந்த அம்மாள் அதைச் சங்கரியின் உள்ளங்கையில் வைத்து, விரல்களைத் தானே மடக்கி மூடினாள்.

"இது எங்க வீட்டு டிசைன்மா. காப்பி கீப்பி எடுத்துடாத. நெய்ஞ்சு முடிச்சதும் கார்டை எங்கிட்டயே குடுத்துடு."

சங்கரிக்கு அதில் தப்பாக எதுவும் படவில்லை. ஒரு வீட்டு டிசைனை இன்னொரு வீட்டில் எடுத்துவிட்டார்கள் என்ற பேச்சில் அண்ணனும் தம்பியும் முகம் பார்க்காமல் போன தெரு அவளுடையது.

"அந்தம்மாகிட்டயே ஒரு வார்த்தை சொல்லிடேன்" என்றான் அவள் கணவன் தினகரன்.

"இன்னான்னு சொல்றது? கூரை நெய்யறப்பவே பொண்ணு அன்னத்துக்குக் கழுத்து போயிடுச்சுன்னா? கல்யாணத்தையே நிறுத்திடுவாங்க."

அவனுக்கும் அது சரி என்றுதான் பட்டது.

கடைத்தெருவில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தவன் சத்யராஜ். மாகறலிலிருந்து தினமும் பைக்கில் வருகிறவன். சங்கரி கொண்டுபோன கார்டைக் கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"கார்டு சாவக் கிடக்குதுக்கா. இதுக்கு மூணு விதமா சாப்ட்வேர் இருக்குது. நீயே சொல்லு எது போடறதுன்னு."

"எனக்கு இன்னாப்பா தெரியும்?"

"கேளு. ஒண்ணு, எல்லாத்தையும் துடைச்சுட்டு கார்டைப் புதுசு மாதிரி ஆக்கிடும். உன் அன்னமும் பூடும்."

"அது வேணாம்."

"இன்னொண்ணு, கார்டு மேல கையே வைக்காது. உள்ள இருக்கறதை அப்படியே கம்ப்யூட்டர்ல இறக்கிக்கும். அந்தக் காப்பியில நிதானமா வேலை பாக்கலாம். நானா இருந்தா இதான் போடுவேன்."

"காப்பியா? கூடாதுப்பா. வாக்கு குடுத்திருக்கேன்."

"யாருக்குக்கா தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமில்ல?"

"சரி தாயே, நீ கோயில்லயே உக்காந்திருக்க வேண்டியவ." சத்யராஜ் சிரித்தான். ஆனால் அடுத்ததைச் சொல்லும்போது சிரிப்பு இல்லை. "மூணாவது, கார்டுலயே நேரா ரிப்பேர் பண்றது. சீக்கிரம் முடியும். ஆனா பின்னால எங்கிட்ட வந்து சண்டை போடாத. உள்ள அறுந்து கிடக்கற துண்டையெல்லாம் தேடிப் புடிச்சு முடிச்சு போட்டுடும். எது எதோட துண்டுன்னு அதுக்குத் தெரியாது."

அறுந்த இழையை அறுந்த இடத்திலேயே, தறியிலேயே பிணைப்பதுதான் சங்கரிக்குத் தெரிந்த வழி. அதற்காக யாரும் புதுப் பாவு ஓட்டுவதில்லை.

"அதையே போடு" என்றாள்.

திரையில் ஒரு பச்சைக் கோடு ஊர்ந்து போய் முடிந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று காட்டியது. சத்யராஜ் மட்டும் தாடையைச் சொறிந்துகொண்டு, "நிறைய துண்டு சேத்திருக்குது" என்றான்.

கெட்டுப்போன வரிசைகளை அவள் ஊடை ஊடையாகப் பிரித்து எடுத்துவிட்டு மறுபடி நெய்தாள். அன்னங்கள் கழுத்தோடும் இறக்கையோடும் வந்தன. ஆடி மாதக் காற்று ஜன்னலை அடித்துக்கொண்டிருந்தது. புடவையின் உடல் முடிந்து முந்தானைப் பக்கமான முந்தி தொடங்கியபோது அவளுக்கு மனசு லேசாகியிருந்தது.

முந்தியில் என்ன வரும் என்று கமலவேணி ஏற்கெனவே காகிதத்தில் காட்டியிருந்தாள்: பெரிய அன்னங்கள், நடுவே ருத்ராட்சப் பூ. ஆனால் முந்தி ஒரு சாண் ஏறியதும், பூ இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதோ வளைவுகள் வந்தன. கண்ணாடியில் எழுத்து மாதிரி தெரிந்தது, படிக்க வரவில்லை. செல்போனைத் தறிக்கு அடியில் நீட்டிப் படம் எடுத்துப் பார்த்தாள்.

விக்னேஷ்.

சங்கரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொண்ணு மாப்பிள்ளை பேரை முந்தியில் போட்டு நெய்வது இப்போது எல்லாரும் கேட்கிறதுதான். காகிதத்தில் காட்டாமல் ஒளித்துவைத்து, கல்யாணத்தன்று அகிலா பார்த்து அசரட்டும் என்று நினைத்திருக்கிறார்கள்! அவளுக்குக் கமலவேணி மேல் பாசமே வந்தது. அடுத்த பேரைப் பார்த்துவிட வேண்டும் என்று மதியச் சாப்பாட்டைக்கூடத் தள்ளிப்போட்டு நெய்தாள். மறுபடி போனை நீட்டினாள்.

சந்தியா.

அவள் கால் மிதியின் மேல் அப்படியே நின்றுவிட்டது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பேருக்குப் பக்கத்தில் ஜரிகையில் ஒரு தேதியும் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முந்தைய பங்குனி.

"வேற யாரோட ஆர்டராவது இருக்கும்" என்றான் தினகரன்.

"மாப்பிள்ளை பேருமா வேற யாரோடதோ?"

அவன் தண்ணீர் குடித்தான். செம்பைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். "பத்திரிகை அடிச்சாச்சு சங்கரி. அந்த எடத்தைப் பிரிச்சுட்டு பேசாம நெய்யி."

"பிரிச்சுடலாம். நான் பாத்ததை எப்படிப் பிரிக்கறது?"

மறுநாள் காலையில் கடை திறப்பதற்கு முன்பே அவள் போய் நின்றாள். சத்யராஜ் ஷட்டரைத் தூக்கியதும் கார்டை மேஜைமேல் வைத்தாள்.

"காப்பி எடு."

"வாக்கு இன்னாச்சு?"

"எடுப்பா."

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் கார்டை எடுத்துக்கொண்டான். இரண்டாவது சாப்ட்வேரை ஓட்டினான். கார்டில் அழித்தது, அழியாதது எல்லாம் ஒவ்வொன்றாகத் திரையில் ஏறியது. மூன்று டிசைன்களின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. கூரை ஒன்று. கூரை இரண்டு. கூரை மூன்று.

"மூணுதான் நீ நெய்யறது" என்றான் சத்யராஜ். குரல் இறங்கியிருந்தது. "ரெண்டை யாரோ அழிச்சிருக்காங்க. அழிச்சாலும் உள்ள கிடந்திருக்குது. அன்னிக்குப் போட்ட சாப்ட்வேர், மூணோட அறுந்த முனையில ரெண்டோட முந்தியை முடிச்சு போட்டுடுச்சு. சந்தியா அதுல இருந்துதான் வருது."

"அப்போ ஒண்ணு?"

"அதுவும் அழிச்சதுதான். தொறக்க மாட்டேங்குது. கார்டுல அந்த எடம்தான் செத்துக் கிடக்குது. இன்னொரு சாப்ட்வேர் இருக்குது, செத்த எடத்தையே விடாம திரும்பத் திரும்பப் படிச்சுக்கினே இருக்கும். ஏதாவது கிடைக்கலாம். ஆனா கார்டு மொத்தமா போயிடும்கா. கேக்கறவங்களுக்கு நீதான் பதில் சொல்லணும்."

அப்போது அவள் போன் அடித்தது. கமலவேணி.

"இன்னாம்மா சங்கரி, வேலையெல்லாம் நடக்குதா?" குரலில் வழக்கமான அதே கனிவு. "செல்போன் கடையில நிக்கறியாமே. போன் கீன் ரிப்பேரா?"

சங்கரி தெருவைப் பார்த்தாள். பால்காரன், பூக்கூடை, ஸ்கூல் வேன். தெரிந்த முகம் எதுவும் இல்லை.

"ஆமாங்க அத்தே. சார்ஜ் ஏறல."

"அப்படியா. கார்டு தறியிலதானே இருக்குது?"

"தறியிலதான்."

"சாயந்திரம் ஒரு நடை வந்து பாத்துட்டுப் போறேன். எம்மருமவ புடவையைப் பாக்க ஆசையா இருக்குது."

சங்கரி போனை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். பிறகு, "ஓட்டு" என்றாள்.

சாப்ட்வேர் செத்த இடத்தைப் படித்தது. நின்றது, பின்னால் போனது, மறுபடி படித்தது. கார்டைத் தொட்டால் சுட்டது. மதியம் தாண்டியபோது திரையில் ஒரு முந்தியின் படம் கிழிசல் கிழிசலாக வந்தது. விக்னேஷ் என்ற பேர் முழுசாக இருந்தது. தேதியும் இருந்தது, சந்தியாவின் தேதிக்கு இரண்டு வருஷம் முந்தையது. நடுவில், பெண்ணின் பேர் இருக்க வேண்டிய இடத்தில், வெறும் கோடுகள். இன்னொரு தரம் முயன்றான். அதோடு கார்டு போய்விட்டது. கம்ப்யூட்டர் அதைக் கார்டு என்றே ஏற்கவில்லை.

சங்கரி நேராக வீட்டுக்குப் போய்ப் புடவையைத் தறியிலிருந்து அறுத்து எடுத்தாள். முடியாத கூரையை அறுப்பது ஆகாத காரியம். தினகரன் வாசற்படியில் நின்று, "வேணாம், வேணாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். ஆனால் கையைப் பிடிக்கவில்லை. துணியை ஒரு மஞ்சள் பையில் சுருட்டிக்கொண்டு, அகிலா வேலை பார்க்கும் ஸ்கூலுக்குப் போய் அவளை வெளியே அழைத்தாள்.

அகிலா முந்தியை வேப்பமரத்தடியில் விரித்துப் பார்த்தாள். பேரின் மேல் விரலை ஓட்டினாள். சத்யராஜ் சங்கரியின் போனுக்கு அனுப்பியிருந்த முதல் கூரையின் படத்தையும் பார்த்தாள்.

"இதுக்கு முன்னால பொண்ணே பாத்ததில்லன்னு சொன்னாருக்கா. நீதான் முதல்னு சொன்னாரு" என்றாள். அழவில்லை. பிறகு போனை எடுத்து விக்னேஷைக் கூப்பிட்டாள். சங்கரியும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

"சந்தியா யாருங்க?"

யார் அது என்று அவன் கேட்பான், அல்லது சிரிப்பான், அல்லது கோபப்படுவான் என்று இருவரும் காத்திருந்தார்கள்.

"அந்தக் கார்டு இப்ப யாருகிட்ட இருக்குது?" என்றான் விக்னேஷ்.

அகிலா போனை அணைத்தாள்.

"ஆரணிக்கு இப்ப பஸ் இருக்குமா?" என்று அக்காவைக் கேட்டாள்.

செய்யாறு வழியாகப் போகும் பஸ்ஸில் இருவரும் ஏறினார்கள். மடியில் மஞ்சள் பை. சங்கரியின் போன் கமலவேணியின் பேரைக் காட்டி விடாமல் அடித்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு வந்தார்களே தவிர எடுக்கவில்லை. ஆரணியில் மாப்பிள்ளை வீட்டார் குடியிருந்த தெருவின் பேரைப் பேச்சுவாக்கில் கமலவேணியே ஒருநாள் சொல்லியிருந்தாள். விசாரித்துக்கொண்டு போனார்கள். வீடு பூட்டிக் கிடந்தது. பூட்டின் மேல் துரு. பக்கத்து வீட்டு வாசலில் ஒரு அம்மாள் ராட்டையில் பட்டு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இங்க கமலவேணின்னு ஒருத்தர்..." என்று சங்கரி ஆரம்பித்தாள்.

ராட்டை நின்றது. அந்த அம்மாளின் பார்வை சங்கரியைத் தாண்டி அகிலாவின் மேல் போய், அங்கேயே தங்கியது. கல்யாணம் என்ற வார்த்தையை அதுவரை யாரும் சொல்லவில்லை.

"தேதி வெச்சுட்டாங்களா?" என்றாள்.

"வெச்சாங்க" என்றாள் அகிலா. "நான் போகப்போறதில்ல. ஆனா எனக்கு முன்னால இருந்த அந்த ரெண்டு பொண்ணுங்களும் இன்னா ஆனாங்கன்னு எனக்குத் தெரியணும். மொதல்ல இருந்து சொல்லுங்கம்மா."

அந்த அம்மாள் எழுந்தாள். தெருவின் இந்தக் கோடியைப் பார்த்தாள், அந்தக் கோடியைப் பார்த்தாள். பிறகு கதவைப் பாதி திறந்து பிடித்துக்கொண்டாள்.

"உள்ள வாங்க. செருப்பை வெளிய விடாதீங்க. கையில எடுத்தாந்துடுங்க."