அம்மாவைத் தாண்டி

ஜில்தீஸுக்கு எங்கே உட்கார்ந்தாலும் கால் ஆடிக்கொண்டே இருக்கும். தலைநகர் பிஷ்கெக்கில் கல்லூரி இரண்டாம் ஆண்டு. அறவழியில் ஊரை மாற்றப் போகும் மாணவர்களுக்கான தலைமைப் பயிற்சிக்கு எப்படியோ தேர்வாகிவிட்டாள். அங்கே சொல்லிக்கொடுத்ததோ அசையாமல் உட்கார.

அந்தச் சனிக்கிழமை பாதிப் பேர் தரையில் உட்கார, மீதிப் பேர் போலீஸ்காரர்களாக நடித்து அவர்களை இழுத்தார்கள்.

"உடம்பத் தளர்த்திடு. கனமாக் கெட. கத்தாத, கைய ஓங்காத," என்றாள் பயிற்சியாளர் ரஹத்.

ஜில்தீஸ் இழுத்தவன் கையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

"போச்சு, இன்னிக்கும் ஃபெயிலு!" என்று அவன் சிரிக்கும்போதே அவளது போன் அடித்தது. அம்மா.

"உடனே கிளம்பி வாடி. உங்கண்ணன் கட்டிக்க ஒரு பொண்ணத் தூக்கிட்டு வந்துட்டான். கல்யாணத்துக்கு ஆடு அடிச்சாச்சு."

"அவளுக்குச் சம்மதமாம்மா?"

"எல்லாப் பொண்ணும் மொதல்ல அழத்தான் செய்யும். படிச்சவ நீ வந்து சொன்னாக் கேப்பா."

கிராமத்துக்குப் போகும் வாடகைக் காரில் அவள் கண்ணாடியை இறக்கினாள், ஏற்றினாள், மறுபடி இறக்கினாள். "குளிருதும்மா, ஒண்ணு திற, இல்ல மூடு," என்று டிரைவர் அதட்டினார்.

வீட்டு முற்றத்தில் கொப்பரையில் கறி வெந்துகொண்டிருந்தது. அண்ணன் எர்மெக் கூட்டாளிகளோடு காரில் சாய்ந்து நின்றான்.

"அவள உனக்கு எப்படித் தெரியும்?"

"மருந்துக்கடைல இருக்கா. ஒரு தடவ பேசிருக்கா."

"என்ன பேசுனா?"

"மாத்திரையச் சாப்பாட்டுக்கு அப்புறம் போடச் சொன்னா."

கூட்டாளி ஒருவன் சிரித்தான். எர்மெக் சிரிக்கவில்லை.

உள்ளே, திரைக்குப் பின்னால் அந்தப் பெண், நாஜிரா, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கல்யாண வெள்ளை முக்காட்டை அத்தைமார் தலையில் போடப் போட, அவள் உதறித் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"என் போனப் புடுங்கிட்டாங்கக்கா. நான் வீட்டுக்குப் போகணும்."

ஜில்தீஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். அதற்குள் அம்மா வாசற்படியில் குறுக்கே படுத்துவிட்டாள். அப்படிப் படுத்த தாயைத் தாண்டுகிறவள் பாழாய்ப் போவாள் என்று நம்பாதவர் அந்த ஊரில் இல்லை. அம்மா கத்தவில்லை, யாரையும் பிடிக்கவில்லை. கண்ணை மூடி, உடம்பைத் தளர்த்தி, கனமாகக் கிடந்தாள். காலையில் ரஹத் சொன்னதெல்லாம் இதுதான் என்று ஜில்தீஸுக்கு உறைத்தது.

"எந்திரிம்மா. அவ வேண்டாங்கறா."

"நானுந்தான் வேண்டாம்னேன். இதே வாசல்ல எம் மாமியா படுத்தா. தாண்ட எனக்குத் தைரியம் வரல. நான் வாழலியா?"

"வாழ்ந்தியாம்மா?"

அம்மா கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டாள். தோளைப் பிடித்து இழுத்து ஒதுக்கிவிடலாம்தான். ஜில்தீஸின் கைகள் அதற்கே துடித்தன. அவற்றை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நான் மொதல்ல தாண்டறேன், நாஜிரா. சாபம் எனக்குப் பிடிக்கட்டும்."

தாண்டினாள். அத்தைமார் அலறினார்கள். அந்தப் பக்கம் நின்று அவள் கையை நீட்ட, நாஜிராவும் காலைத் தூக்கினாள். அம்மாவின் கை லேசாக எழுந்தது. கணுக்காலை எட்டிப் பிடித்திருக்கலாம். பிடிக்காமல் தரையிலேயே விழுந்தது.

வெளியே கூட்டாளிகள் வழியை மறித்தார்கள். எர்மெக் காரின் பின் சீட்டிலிருந்து நாஜிராவின் ஷூக்களை எடுத்து வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல் காலடியில் வைத்தான். அதன்பின் யாரும் மறிக்கவில்லை.

வீடு திரும்பிய நாஜிராவை அவள் அப்பா ஒரு வார்த்தை கேட்காமல் உள்ளே அழைத்துக்கொண்டார். ஊர் வாய் சும்மா இருக்கவில்லை. சில வாரங்களில் அவள் வேறு ஊர் மருந்துக்கடைக்கு மாறிப் போனாள்.

நடந்ததை வகுப்பில் சொல்லும்படி ரஹத் கேட்டாள். சொல்லி முடித்ததும் கை தட்டினார்கள்.

"தட்டாதீங்க. நான் யாரையும் தொடல, சரி. ஆனா எங்கம்மாவுக்கு மனசுல அடிபட்டுச்சு. இது அறவழியான்னு எனக்குத் தெரியல," என்றாள் ஜில்தீஸ்.

குளிர்காலம் முழுக்க அவள் வீட்டுக்குப் போன் செய்தாள். அம்மா எடுப்பாள், பேசமாட்டாள், துண்டிக்கவும் மாட்டாள். ஜில்தீஸ் விடுதித் தாழ்வாரத்தில் முன்னும் பின்னும் நடந்துகொண்டே பனியைப் பற்றி, பரீட்சையைப் பற்றி, வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள்.

பனி உருகத் தொடங்கிய ஒருநாள் அம்மா குறுக்கிட்டாள்.

"உங்கண்ணன் ஒரு பொண்ணுகிட்டப் போய்க் கட்டிக்கறியான்னு கேட்டானாம்."

ஜில்தீஸின் நடை நின்றது. "என்ன சொன்னாளாம்?"

"யோசிச்சுச் சொல்றேன்னாளாம். யோசிக்கறாளாம்!" என்று பொருமிவிட்டு அம்மா போனை வைத்தாள்.