எட்டு நொடி நாடா

மாக்கிறட் அந்தப் பெட்டியை உரப்பையில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். எங்கள் அரிப்புக் கிராமத்துக்குக் கரண்ட் திரும்பி வந்து அப்போது மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பதின்மூன்று வருடம் இல்லாமல் இருந்த கரண்ட்.

"சிங்கராசா அண்ணை, இது ஓடுதோ எண்டு பாத்துத் தாங்கோ. ஓடினால் கோயில் பாட்டுக்குழுவுக்குக் குடுக்கப்போறன். வீட்டிலை கிடந்து கறள் பிடிக்குது."

பையை விலக்கியதும் தெரிந்துவிட்டது. எட்வேட்டின் எக்கோப் பெட்டி, பாட்டுக்கு எதிரொலி கொடுக்கிற சாமான். எட்வேட் அவளுடைய கணவன், என்னுடைய கூட்டாளி. திருவிழாக்களில் அவன் லீட் கிற்றார் வாசித்துக்கொண்டே பாடுவான். நான் பக்கத்தில் நின்று ரிதம் வாசிப்பேன். எனக்கு வேலை கட்டுக்கரைக் குளத்து மதகுகளைப் பார்ப்பது. கிற்றாரும் அம்ப்ளிபயரும் ஓய்வு நேரப் பைத்தியம். எட்வேட்டுக்கு அந்தப் பைத்தியம்தான் முழுநேர வேலை. ஓய்வு கிடைத்தால் மீன் பிடிக்கப் போவான்.

தொண்ணூறாம் ஆண்டு சண்டை தொடங்க, அவன் இராமேஸ்வரத்துக்கு வள்ளம் ஏறினான். இடம் பார்த்துவிட்டு, ஏழு மாதக் கர்ப்பிணியாக இருந்த மாக்கிறட்டைக் கூப்பிடுவதாகச் சொல்லிப் போனான். வள்ளம் கரை சேரவில்லை. மகள் பிரான்சிஸ்கா பிறந்தது அதற்குப் பிறகுதான். பிறகு வீடும் எரிந்தது. படம், கசெற் ஒன்றும் மிஞ்சவில்லை. இந்தப் பெட்டி மட்டும் அவளோடு மடு அகதி முகாமுக்குப் போய், கொட்டிலுக்குக் கொட்டில் மாறி, திரும்பி வந்திருந்தது.

மூடியைக் கழற்றினேன். உள்ளே மோட்டாரின் ரப்பர் பட்டி தார்போல உருகிக் கிடந்தது. ஆனால் நாடா அப்படியே இருந்தது, மங்கல் மண்ணிறத்தில், ஒரு மடிப்புக்கூட இல்லாமல்.

"இது கடைசியா எப்ப ஓடினது?"

"அவர் வெளிக்கிட முதல்நாள் பின்னேரம். பாடிக்கொண்டிருக்கேக்கை நடுவிலை கரண்ட் போயிட்டுது. பிறகு வரவேயில்லை. விடிய வயரை மட்டும் புடுங்கிச் சுத்தி வைச்சிட்டுப் போனவர்."

என் கை நின்றது. பிறகு, வழக்கம்போல, விளக்கத் தொடங்கினேன்.

"இஞ்சை பார், பிள்ளை. இது ரெண்டு முனையும் சேத்து வட்டமா ஒட்டின நாடா. ஒரு சுற்றுக்கு எட்டு நொடி. முதல் நிக்கிற இந்த ஹெட் பழசை அழிக்கும். அடுத்தது புதுசைப் பதியும். பிறகு நிக்கிற மூண்டும் பதிஞ்சதைப் படிச்சு அம்ப்புக்கு அனுப்பும். பதியிற இடத்திலையிருந்து படிக்கிற இடத்துக்கு நாடா வந்து சேர எடுக்கிற நேரம் இருக்கல்லோ, அதுதான் எக்கோ. நீ ஒருக்கால் தட்டினால் மூண்டு தரம் கேக்கும். ஒரு சுற்றுச் சுற்றி வந்ததும் அது அழிஞ்சு போகும்."

"உங்களிட்டை ரோச் லைற் திருத்தக் குடுத்தால், சூரியன் எப்பிடி எரியுது எண்டு சொல்லிப்போட்டுத்தான் திருப்பித் தருவியள் எண்டு அவர் பகிடி பண்ணுறவர்." அவள் சிரித்தாள்.

"சிரியாதை. கரண்ட் போனதும் நாடா நிண்டிட்டுது. அதுக்குப் பிறகு ஒருதரும் ஓட்டேல்லை. அப்ப, கடைசி எட்டு நொடி இன்னும் இதிலை இருக்கு."

"என்ன இருக்கு?"

"எட்வேட். கிற்றாரும் இருக்கும், குரலும் இருக்கும். மைக்கும் இதுக்குள்ளாலைதானே போனது."

அவள் கதிரையைத் தேடி உட்கார்ந்தாள்.

"பிரான்சிஸ்காவுக்குக் கண் அப்பான்ரை கண் எண்டு சொல்லியிருக்கிறன். நடையும் அவற்றை நடை எண்டு சொல்லியிருக்கிறன். குரலை எப்பிடி அண்ணை சொல்லுறது? கேட்டுக் கேட்டு இப்ப அவள் கேக்கிறதையே விட்டிட்டாள்." எழுந்தாள். "ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய அவளைக் கூட்டிக்கொண்டு வாறன். கோயிலுக்கு இதைக் குடுக்கமாட்டன்."

அந்தக் கிழமை முழுவதும் வேலையால் வந்ததும் பெட்டியோடு இருந்தேன். காய்ந்துபோன கப்பாசிற்றர்களை மாற்றினேன். பழைய கசெற் ரெக்கோடர் ஒன்றின் பட்டியைப் பொருத்தினேன். நாடாவை மெல்ல வெளியே எடுத்து, அது நின்ற இடத்தைப் பென்சிலால் குறித்துவைத்து, ஹெட்டுகளை ஸ்பிரிட்டால் துடைத்து, பழையபடி அதே இடத்தில் போட்டேன். சனிக்கிழமை மத்தியானம் ஒரு வேலைதான் பாக்கி. அழிக்கிற ஹெட்டுக்கும் பதிகிற ஹெட்டுக்கும் போகிற இரண்டு வயர்களையும் கழற்ற வேண்டும். அவை இல்லாவிட்டால் நாடா எத்தனை தரம் சுற்றினாலும் அழியாது. படிப்பது மட்டும் நடக்கும். பிரான்சிஸ்கா ஆசை தீரக் கேட்கலாம்.

சோல்டரிங் அயனைக் கையில் எடுத்தபோது கரண்ட் போய்விட்டது.

வெட்டுக்குறடு மேசையில்தான் கிடந்தது. இரண்டு நறுக்கில் முடிந்திருக்கும். ஆனால் எட்வேட்டின் பெட்டியில் வயரை நறுக்க எனக்கு மனம் வரவில்லை. ஈயத்தைச் சூடாக்கிக் கழற்றினால் பிறகு அதே இடத்தில் ஒட்டலாம், காயம் தெரியாது. சரி, கரண்ட் வரட்டும் என்று இருந்தேன். சும்மா இருக்க முடியாத கை. பெட்டியை அம்ப்போடு இணைத்தேன். அயன், அம்ப், பெட்டி மூன்றின் பிளக்கையும் ஒரே பலகையில் செருகினேன். அயன் தானாகச் சூடாகட்டும் என்று பலகையின் சுவிச்சைப் போட்டுவைத்தேன். பெட்டியின் சொந்தச் சுவிச் நிறுத்தியிருக்கும் என்ற எண்ணம். ஒரு சாமானை நிறுத்தாமல் யார் சுற்றி வைப்பார்கள்?

இந்தப் பெட்டியை ஒருவரும் நிறுத்தவில்லை. கரண்ட் போய்த்தான் அது நின்றது. எங்கள் பகுதி வீடுகளில் அந்தக் காலத்துச் சாமான்கள் எல்லாம் அப்படித்தான், போட்ட சுவிச் போட்டபடி. இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று இருந்தோம். பிறகு சுவிச்சுகளையே மறந்துபோனோம். மாக்கிறட் என்னிடம் அதைத் தெளிவாகச் சொல்லியும் இருந்தாள். நான் அதை வைத்து நாடாவைப் பற்றி யோசித்தேன். சுவிச்சைப் பற்றி யோசிக்கவில்லை.

மூன்று மணிபோல கரண்ட் வந்தது. மோட்டார் முனகியது. நாடா நகர்ந்தது. அம்ப்பிலிருந்து எட்வேட் வந்தான்.

ஒரு மூச்சு. பாட்டின் வரிக்கு முன்னால் அவன் பல்லிடுக்கால் இழுக்கிற அந்த மூச்சு. அதற்குக் கீழே ஒரு தந்தியின் வால். அவ்வளவுதான், அரை நொடிகூட இல்லை.

நான் அம்ப்பின் பக்கம் குனிந்து மிச்சத்துக்காகக் காத்து நின்றேன்.

ஏன் மிச்சம் வரவில்லை என்று இப்போது சொல்ல முடியும். அழிக்கிற ஹெட்டைத் தாண்டி நின்ற துண்டு நாடா மட்டும்தான் தப்பி வந்தது. மற்றதெல்லாம் முதலில் அந்த ஹெட்டைக் கடந்துதான் வர வேண்டும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்து நின்ற ஒவ்வொரு நொடியும் ஒவ்வொரு நொடியாக அவனை அழித்தது. கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் பலகையின் சுவிச் இருந்தது. பெட்டிகளின் உட்புறம் எல்லாம் தெரிந்த நான், பாட்டுக் கேட்கிறவன் போல நின்றேன். எட்டு நொடி முடிந்த பிறகுதான் எனக்கு விளங்கியது, பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினேன்.

ஞாயிறு பூசை முடிந்து இரண்டு பேரும் வந்தார்கள். பிரான்சிஸ்காவுக்குப் பதின்மூன்று வயது. திருநாள் சட்டை போட்டிருந்தாள். முற்றத்திலேயே நின்று சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. என் வாழ்க்கையில் ஒரு விசயத்தை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

மாக்கிறட் கத்தவில்லை. "நீங்கள் கேட்டனீங்களோ?" என்றாள்.

"ஓம். ஒரு மூச்சு. பாட முதல் இழுக்கிற மூச்சு."

"பல்லாலை."

"ஓம்."

"அவர்தான்." முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். பிறகு, என்னைப் பார்க்காமல், "உள்ளுக்கு இருக்கெண்டு சொல்லாமல் விட்டிருந்தால், நான் அதைக் கோயிலுக்குக் குடுத்திட்டுச் சும்மா இருந்திருப்பன் அண்ணை," என்றாள்.

இரண்டு பேரையும் உள்ளே கூட்டிக்கொண்டு போனேன்.

பிள்ளை மேசைக்குப் போய்ப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "மாமா, அழிக்கிறது எது?"

காட்டினேன். விரல் நகத்தளவு இரும்பு.

"இதைக் கழட்டி விடுங்கோ."

"இனி அழிக்கிறதுக்கு அதிலை ஒண்டும் இல்லை, பிள்ளை."

"அவள் சொல்லுறாள். கழட்டுங்கோ," என்றாள் மாக்கிறட்.

கரண்ட் இருந்தது. அயன் சூடாகும்வரை மூன்று பேரும் மேசையைச் சுற்றி நின்றோம். நுனியை வைத்தேன், ஈயம் மினுங்கி இளகியது, வயர் விட்டு வந்தது. பிறகு மற்றதையும் கழற்றினேன். பிரான்சிஸ்கா இரண்டு நுனிகளையும் ஒன்றில் ஒன்று முட்டாமல் விலக்கி மடித்துவிட்டாள். மாக்கிறட் உரப்பையை விரித்தாள். பெட்டியைத் தூக்கிக் கொடுக்கும்போது பார்த்தேன், அதன் சுவிச் இன்னும் போட்டபடிதான் இருந்தது. நான் அதைத் தொடவில்லை.