காற்று வராத தெரு

அந்தத் தெருவில் காற்று வீசி இருபது வருடம் ஆகிறது. அடுத்த தெருவில் கதவுகள் படபடவென்று அடித்துக்கொள்ளும். இங்கே கொடியில் போட்ட துணி அசையாமல் தொங்கும், புகை நேராக மேலே போகும். இது தொடங்கிய நாள் எல்லோருக்கும் தெரியும். மேட்டில், மதிலுக்குள் இருந்த தொழிற்சாலையில் ஆந்த்ராக்ஸ் என்கிற அடைப்பான் நோய்க் கிருமியைக் காயவைத்துப் பொடியாக்கிக்கொண்டிருந்தார்கள். கிருமியைப் போரில் வீசக் கூடாது என்று ஒரு பழைய ஒப்பந்தம் இருந்தது; தயாரிப்பதைப் பற்றி அது வாய் திறக்கவில்லை. பிறகு தயாரிக்கவும் கூடாது என்று இன்னொன்று வந்து, அதிலும் நாடு கையெழுத்துப் போட்டு நாலு வருடம் ஆகியிருந்தது. அதில் எல்லாம் இருந்தது, உள்ளே போய்ப் பார்க்கிற உரிமை மட்டும் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை, காற்று வெளியேறும் குழாயில் அடைத்துப்போன வடிகட்டியைக் கழற்றியவர் அதைத் திரும்பப் பொருத்தாமல் வீட்டுக்குப் போய்விட்டார். பொடி காற்றோடு அந்தத் தெருவுக்கு இறங்கியது. பத்து நாளில் அறுபத்து மூன்று பேர் மூச்சுத் திணறிச் செத்தார்கள். அதன்பின் காற்று தெருமுனை வரை வரும், அப்படியே திரும்பிப் போய்விடும். நடந்ததற்கு வெட்கப்பட்டது அது ஒன்றுதான்.

கெட்ட கறி தின்றதால் வந்த சாவு என்றது அரசாங்கம். தெருவில் கறிக்கடை ஒன்றே ஒன்று. கடைக்காரரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கறி கெட்டதுதான் என்று சான்றிதழில் கையெழுத்துப் போட்ட கால்நடை மருத்துவர் அவருடைய சொந்தத் தங்கையின் புருஷன். நாலு தெரு தள்ளி அவர்கள் வீடு.

"அந்த ஆட்டை நல்ல ஆடுன்னு முத்திரை குத்தினதே நீங்கதானே?" என்றாள் மனைவி. "அந்த வாரம் பூரா எங்க அண்ணன் கடைக் கறியைத்தான் நாமளும் தின்னோம். சாகலையே?"

"கையெழுத்துப் போடலைன்னா என்னையும் உள்ள தள்ளியிருப்பாங்க."

"தள்ளட்டுமே. ரெண்டு பேருக்கும் சேத்தே சோறு கொண்டு வந்திருப்பேன்."

அதோடு அவரிடம் பேசுவதை நிறுத்தினாள். வேளாவேளைக்குச் சோறு மட்டும் போட்டாள். அண்ணன் ஏழாம் வருடம் சிறையிலேயே போய்ச் சேர்ந்தார்.

பதினான்காம் வருடம் ஆட்சி மாறி, வெளிநாட்டிலிருந்து விசாரணைக் குழு வந்தது. மருத்துவர் தானாகவே போய், "நான் எழுதினது பொய்ங்க. அது நல்ல ஆடு" என்று சொல்லி அழுதார். எழுதிக்கொண்டார்கள். உத்தரவு போட்டவர்களில் பாதிப் பேர் செத்திருந்தார்கள். மீதிப் பேர் பதவி உயர்ந்து, குழுவுக்கு எதிரே உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். மதிலுக்குள் ஒரு கட்டடத்தின் சாவி மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து, செத்துப்போன கடைக்காரர் பேருக்கே கடிதம் வந்தது: தடை நீங்கியது, தாங்கள் கடையைத் திறந்துகொள்ளலாம். தங்கை போய்த் திறந்தாள். முதல் நாள் காலை மருத்துவர் முத்திரையும் கையுமாக நேரே கடைக்குள் நுழையப் போனார். அத்தனை வருடத்துக்குப் பிறகு அவள் அவரிடம் வாய் திறந்தாள்.

"கறி வாங்கறதுன்னா வரிசையில நில்லுங்க."

அவர் போய்க் கடைசியில் நின்றார். வெயில் கொளுத்தியது, ஒரு தூசிகூட நகரவில்லை. அவருக்கு முன்னால் நின்றவர்கள் கையிலிருந்த அட்டையால் விசிறிக்கொண்டே கறி விலையைப் பேசிக்கொண்டிருந்தார்கள்.