குறட்டைக்காரரின் வீடு

வெறும் நாற்காலியில் அவருடைய நீலச் சட்டையை மாட்டிவிட்டு, காலரைச் சரிசெய்துகொண்டிருந்தாள் மனைவி. உடம்பு கிடைக்கவில்லை, கிடைக்கப்போவதுமில்லை. அவர் போன கப்பலின் வெளியே பயணிகள் கப்பல் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தும், நட்சத்திரங்களுக்கு நடுவே நடந்த சண்டையில் யாரோ விட்ட குண்டு அதைப் பிளந்துவிட்டது. யார் விட்டது என்று இரண்டு பக்கமும் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். புதுக் குடியேற்றத்துக்கு லிஃப்ட் மாட்டப் போனவர். நாற்பது மாடி உயரத்தில் அலட்சியமாகத் தொங்குவார். வீட்டில் இடி இடித்தால் போர்வைக்குள் போய்விடுவார். அதனால் சேதி வந்ததிலிருந்து அவளுக்கு ஒரே கேள்விதான்: கடைசி நேரத்தில் மனிதர் பயந்தாரா? கம்பெனி அதிகாரி, வேதனை எதுவும் இருந்திருக்காது என்றார். எல்லா வீட்டிலும் அதையேதான் சொல்லியிருப்பார்.

சாவு வீடு என்று எல்லோரும் குசுகுசுவென்று பேசினார்கள். அந்த அமைதிதான் அவளைத் தின்றது. கல்யாணமான நாளிலிருந்து காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு தூங்கியவள், இப்போது சத்தமில்லாத வீட்டில் பொட்டுத் தூக்கமின்றிக் கிடந்தாள்.

மதியம் வாசலில் மூன்று பேர் வந்து நின்றார்கள். ஒரு நர்ஸ், ஒரு பல் டாக்டர், ஒரு கணக்கு வாத்தியார். கப்பலில் அவரோடு ஒரே அறையில் இருந்தவர்களாம். எப்படித் தப்பினீர்கள் என்று நாத்தனார் கேட்டதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பல் டாக்டர் தொண்டையைக் கனைத்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா," என்றாள் நர்ஸ். "சாரோட குறட்டைதான்."

அழுதுகொண்டிருந்த நாத்தனாரே நிமிர்ந்து பார்த்தாள்.

கப்பல் ஏறிய அன்றைக்கே மூவருக்கும் தூக்கம் போயிற்று. மறுநாளிலிருந்து போர்வையைச் சுருட்டிக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்தில் போய்ப் படுத்தார்கள். அதை ஒட்டித்தான் உயிர்காப்புப் படகு. குண்டு விழுந்ததோ படுக்கை அறைகள் இருந்த பக்கம். தினமும் அவரைத் திட்டிக்கொண்டே போனதாகச் சொன்ன வாத்தியார், நாற்காலியில் இருந்த சட்டையைப் பார்த்துக் கைகூப்பினார். வாத்தியாருக்கு இரண்டு சின்னப் பெண்கள்.

"கடைசியா அவர எப்ப பாத்தீங்க?" என்று கேட்டாள் மனைவி.

நர்ஸ் அருகில் வந்து உட்கார்ந்தாள். "தலையணை எடுக்க நான் ரூமுக்குப் போனேம்மா. நல்ல தூக்கம். போர்வைய உதைச்சுத் தள்ளியிருந்தார், எடுத்துப் போத்திவிட்டேன். திரும்பி வந்து படுக்கல, அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு."

"அப்பவும் குறட்டை விட்டாரா?"

"கதவ மூடின பிறகும் கேட்டுச்சும்மா."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே அழுதாள். மனிதர் பயப்படவில்லை, அவருக்குத் தெரியவே இல்லை. நன்றி சொல்ல வந்தவளின் கையைப் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். போர்த்திவிட்ட கை அது.

"நல்லா இரும்மா," என்றாள்.

பிறகு கொஞ்சம் படுக்கிறேன் என்று எழுந்து உள்ளே போனாள். நாத்தனார் எல்லோரையும் கையமர்த்திவிட்டுக் கதவைச் சாத்த வந்தாள்.

"சாத்தாத. அவங்க சத்தமாவே பேசட்டும்."

கட்டிலில் வழக்கம்போலத் தன் ஓரத்தில் சுருண்டுகொண்டாள். கூடத்தில் பல் டாக்டர் அந்தக் குறட்டையை விட்டுக் காட்டினார். அப்படி இல்லை, நடுவில் ஒரு விசில் வரும் என்று வாத்தியார் திருத்தினார். பல் டாக்டர் மறுபடி விட்டுக் காட்டினார். தலைமாட்டில் பஞ்சு டப்பா மூடியபடியே இருந்தது. அவள் தூங்கிவிட்டிருந்தாள்.