தரையில் நான்கு மணி நேரம்

செவ்வாய், வியாழன் காலைகளில் எங்கள் மலையின் குடியிருப்போர் சங்கக் கூடத்தில் பதினாறு பேர் கூடுவோம். எல்லோரும் அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள். சுகாதார நிலையத்திலிருந்து பிசியோதெரபிஸ்ட் யஸ்னா வந்து, விழாமல் நடக்கவும் நிற்கவும் பயிற்சி தருவாள். மலைச்சரிவுகளில் கட்டிய சிலித் துறைமுக நகரம் எங்கள் வல்பரைசோ; இங்கே ரொட்டி வாங்கப் போனாலும் நூறு படி இறங்கி நூறு படி ஏற வேண்டும். நாற்காலி போடுவது, பெயர் குறிப்பது, வீடு வீடாகப் போய் வழுக்கும் விரிப்புகளையும் இருட்டு மூலைகளையும் பார்ப்பது என் வேலை. என் பெயர் எர்மிந்தா. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருந்து ஓய்வு பெற்றவள்.

தோன் எலாதியோ ஏப்ரலில் சேர்ந்தார். 'தோன்' என்பது பெரியவர்களுக்கு நாங்கள் தரும் மரியாதை. எழுபத்தொன்பது வயது, துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். என் வீட்டுக்கு ஒரு திருப்பம் கீழே அவர் வீடு. அவர் மனைவி நோல்ஃபா அதற்கு முந்தைய குளிர்காலத்தில் சமையலறையில் விழுந்து, மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்துபோனாள். தான் அப்போது சந்தைக்குப் போயிருந்ததாகவும், திரும்பி வந்து பார்த்தபோது அவள் தரையில் கிடந்ததாகவும் அவர் எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

வகுப்பில் அவரோடு வாய்க்கு வாய் பேசுபவள் லூச்சா.

"அவ்வளவு மூட்டை தூக்கின ஆளு, ஒத்தக் கால்ல பத்து எண்றதுக்குள்ள இப்படி ஆடுறீங்களே."

"துறைமுகத்துல எங்களை ரெண்டு கால்லதான் நிக்கச் சொன்னாங்க, லூச்சா. உன் புருஷனைக் கூட்டிட்டு வா, அவர் எத்தன எண்றாருன்னு பாப்போம்."

"அவரா? இதெல்லாம் கெழவங்களுக்குன்னு சொல்றாரு. அவருக்கு எண்பத்தொண்ணு."

ஜூன் மாதத்தில் ஒருநாள் யஸ்னா தரையில் பாய்களை விரித்தாள்.

"இன்னிக்கு, விழுந்தா எப்படி எழுந்திரிக்கிறதுன்னு பாக்கலாம். ஒண்ணை மட்டும் மறக்காதீங்க. பக்கத்துல இருக்கிறவங்க கையைப் பிடிச்சு இழுக்கவே கூடாது. ரெண்டு பேருமே விழுவீங்க. எலும்பு ஒடிஞ்சிருந்தா இன்னும் வெலகிடும். வலின்னு சொன்னா அசைக்காம போர்வை போத்திட்டு ஆளைக் கூப்பிடுங்க."

தோன் எலாதியோ கையிலிருந்த பயிற்சிப் பந்தை நாற்காலியில் வைத்தார். வெளியே போனார். அடுத்த நான்கு வகுப்புகளுக்கு அவர் வரவில்லை.

வீட்டைப் பார்வையிடும் படிவத்தை எடுத்துக்கொண்டு நானே அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தார். படுக்கையறையில், கட்டிலுக்குப் பக்கத்தில் சின்ன மின் அடுப்பும் கெட்டிலும் இருந்தன. ரொட்டியும் அங்கேயே.

"சமையலறையையும் பாக்கணும், தோன் எலாதியோ."

"அதுக்குள்ள நான் போறதில்ல."

நான் படிவத்தை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன். தேநீர் போட்டுக் கொடுத்தார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நான் சந்தைக்குப் போகல, எர்மிந்தா. வீட்டுலதான் இருந்தேன்."

பீன்ஸ் அடுப்பில் வெந்துகொண்டிருந்ததாம். நோல்ஃபா விழுந்த சத்தம் கேட்டு ஓடியிருக்கிறார். அவள் வலி வலி என்று சொல்லியும் இரண்டு கைகளையும் பிடித்து இழுத்திருக்கிறார். பாதி தூக்கியவர் கால் வழுக்கி அவள் மேலேயே விழுந்திருக்கிறார். பிறகு அவராலும் எழ முடியவில்லை. காலை ஒன்பது மணியிலிருந்து ஒரு மணிவரை இருவரும் பக்கத்தில் பக்கத்தில் தரையில் கிடந்திருக்கிறார்கள். கடைசியில் தவழ்ந்து போய், கட்டிலைப் பிடித்து எழுந்து, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறார்.

"என் பொண்டாட்டியைத் தூக்க முடியலன்னு எப்படிச் சொல்றது? வீட்டுல இல்லன்னு சொல்றது சுலபமா இருந்துச்சு. மக மிரேயாகிட்டயும் அதைத்தான் சொன்னேன்."

"பீன்ஸ் கருகுச்சா?" என்று கேட்டேன்.

"மொத்தமா. அடுப்பு கைக்கு எட்டல."

அன்று காலை அந்தக் கருகல் வாசனை என் வீட்டுக்கு வந்தது. யாரோ அடுப்பை மறந்துவிட்டார்கள் என்று நினைத்து ஜன்னலைச் சாத்தினேன். அதை அவரிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினார்.

"நான் இழுத்ததுலதான் ஒடிஞ்சிச்சா? அந்த யஸ்னா பொண்ணுக்குத் தெரியுமா?"

அடுத்த செவ்வாய், வகுப்பு தொடங்கும் முன்னே அவரை யஸ்னாவிடம் கூட்டிப்போனேன். அவள் முழுவதையும் கேட்டாள்.

"எனக்குத் தெரியாது, தோன் எலாதியோ. விழுந்தப்பவே ஒடிஞ்சிருக்கலாம், பெரும்பாலும் அப்படித்தான் ஆகும். இழுத்ததுல மோசமாகியிருக்கலாம். இனிமே அதை யாராலயும் சொல்ல முடியாது."

அவர் தலையசைத்தார். பிறகு, "அன்னிக்குச் சொல்லிக் குடுத்ததை இப்ப எனக்குச் சொல்லிக் குடும்மா" என்றார்.

பாயில் படுத்தார். படுத்தவர் கூரையைப் பார்த்தபடி அசையாமல் கிடந்தார். வகுப்புக்கு வந்தவர்கள் வாசலிலேயே நின்றார்கள். கடைசியில் அவர் ஒருக்களித்து, முழங்கையை ஊன்றி, முட்டி போட்டு, யஸ்னா நகர்த்திவைத்த நாற்காலியைப் பிடித்து, ஒரு காலை முன்னே வைத்து எழுந்தார். முகம் வேர்த்திருந்தது.

அந்த ஞாயிறு வடக்கே தூரத்து நகரமான அன்டோஃபகஸ்டாவில் இருக்கும் மகளுக்குப் போன் செய்தார். நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றார். அவர் எல்லாவற்றையும் சொன்னார். மறுமுனையில் இணைப்பு துண்டிக்கப்பட்டது. பதினொரு நாள் மிரேயா அழைக்கவில்லை. அவர் வகுப்புக்கு வந்தார், யாரிடமும் பேசாமல் பயிற்சி செய்துவிட்டுப் போனார்.

பன்னிரண்டாம் நாள் அழைத்தவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாளாம்: "அம்மா அங்க கிடந்தப்ப என்ன பேசினா?"

"மொதல்ல பீன்ஸ் போச்சேன்னு திட்டினா. அப்புறம் கால் குளிருதுன்னா. என் காலைத் தூக்கி அவ கால் மேல போட்டுக்கிட்டேன். உன்னைப் பத்திதான் நெறையப் பேசினா."

மகள் அழுதாளாம். செப்டம்பர் தேசிய விடுமுறைக்கு வந்து ஒரு வாரம் தங்கினாள். சமையலறைச் சுவரில் கைப்பிடிக் கம்பி பொருத்தியது அவள்தான். இருவரும் அங்கேதான் சமைத்தார்கள்.

அதற்குப் பிறகு தோன் எலாதியோ என்னோடு வீடுகளைப் பார்க்க வர ஆரம்பித்தார். வயதான தம்பதிகள் மட்டுமே இருக்கும் வீடுகளைத்தான் அவர் கேட்பார். அப்படித்தான் லூச்சா வீட்டுக்கும் போனோம். அவள் புருஷன் உம்பெர்த்தோ சோபாவை விட்டு எழவில்லை.

"எங்களுக்கு ஒண்ணும் வேணாம். இவ விழுந்தா நான் தூக்கிடுவேன்."

தோன் எலாதியோ சிரிக்கவில்லை. மெதுவாக மண்டியிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன், உம்பெர்த்தோ. இப்படி வந்து உக்காருங்க, என்ன ஆச்சுன்னு சொல்றேன்."

உம்பெர்த்தோ மனைவியைப் பார்த்தார். லூச்சா தரையில் இடம் விட்டு மேசையை ஓரமாக நகர்த்தினாள்.